பேராக் பக்கம்: ஈயக்குட்டை, பால்மரம், விடாத மழை

2025 நவம்பர் 11, செவ்வாய் – ஈப்போ

ரயிலில் இடம் கிடைக்காததால் கோலாலம்பூரிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈப்போவுக்குப் பஸ்ஸில் வந்தேன். மூன்று மணி நேரம் என்று சொன்ன பயணம், வழியில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்ததால் ஐந்தரை மணி நேரம் இழுத்தது. ஏசியைக் குறைக்க வழியே இல்லையாம். நான் கைகளை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பின்சீட்டுச் சீன அம்மா, ஒரு வார்த்தை பேசாமல் பையிலிருந்து பெரிய துண்டு ஒன்றை எடுத்து என் மடியில் போட்டார். இறங்கும்போது திருப்பிக் கொடுத்தேன், மடித்து உள்ளே வைத்தார், ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

ஈப்போவுக்கு வந்தது சாப்பிடத்தான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒயிட் காபி 2.80 வெள்ளி. ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள், ஒன்று நம் கணக்கில் சுமார் 21 ரூபாய். அப்புறம் இந்த ஊரின் பெயர்போன முளைகட்டிய பயறும் அவித்த கோழியும், ஒருவருக்கு 16 வெள்ளி. முளை குட்டையாக, தடியாக, நறுக்கென்று கடிபடுகிறது. சுண்ணாம்புக்கல் மலைத் தண்ணீரால்தான் இப்படி என்று கடைக்காரர் அந்த மலைகளைத் தானே கட்டியவர் மாதிரி பெருமையாகச் சொன்னார்.

சாப்பிட்டு நடந்தால் ரயில் நிலையம். ஹப்பக் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்து 1917இல் முடிந்த வெள்ளைக் கட்டடம், தூரத்தில் பார்த்தால் ஏதோ சமஸ்தானத்து அரண்மனை. இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய ஸ்டேஷன் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் நாலு தெரு தள்ளி இருந்தது. ஹக்கா சீனச் சுரங்க முதலாளிகள் 1893இல் தொடங்கிய ஹான் சின் பெட் சூ என்ற கிளப், இப்போது அருங்காட்சியகம். சூதாட்ட மேசை, அபின் குழாய், மரத்தட்டில் ஈயம் அலசும் பெண்களின் படங்கள். ஈயம் என்று நான் எழுதுவதெல்லாம் வெள்ளீயம்தான், காரீயம் இல்லை. நூறு வருடத்துக்கும் முன்னால், உலகத்தில் வெட்டிய ஈயத்தில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து போனது. அதில் பெரும்பங்கு இந்தக் கிந்தா பள்ளத்தாக்கு.

எதற்கு அவ்வளவு ஈயம்? டின்னுக்கு. இரும்புத் தகடு துருப்பிடிக்காமல் இருக்க மேலே மெல்லிசாக ஈயம் பூச வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு இறைச்சி, பால், மீன், மண்ணெண்ணெய் என்று எல்லாமே டின்னில் அடைபட ஆரம்பித்தன. தாது இங்கிருந்து, தகடு வேல்ஸிலிருந்து, உள்ளே ஊற்றிய எண்ணெய் அமெரிக்காவிலிருந்து. அமெரிக்கா 1890இல் மெக்கின்லி வரி என்று ஒன்றைப் போட்டு இறக்குமதித் தகட்டின் தீர்வையை இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்றியது, வேல்ஸ் ஆலைகள் முடங்கின, கொஞ்ச வருடத்தில் அமெரிக்காவே தகடு செய்ய ஆரம்பித்துவிட்டது. அதோடு நிற்கவில்லை, தாதுவையும் நாமே உருக்கலாமே என்று நியூஜெர்சியில் உலை வைக்கப் பார்த்தார்கள். இங்கே ஆண்ட பிரிட்டிஷ்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1903இல் மலாய் மாநிலங்களிலிருந்து உருக்காமல் வெளியே போகும் தாதுவுக்குக் கட்டுப்படியாகாத ஏற்றுமதி வரி. சிங்கப்பூர், பினாங்கு உலைகளில் உருக்கினால் அந்த வரி கிடையாது. அமெரிக்க உலை வெறும் அடுப்பாக நின்றது.

சுதந்திர வணிகம் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர்களும் இவர்கள்தான் என்பதை நினைத்துச் சிரித்தேன். வழிகாட்டிப் பையன் என்ன சார் என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

நவம்பர் 12, புதன் – பத்து காஜா, தஞ்சோங் துவாலாங்

இன்று கார் வைத்துக்கொண்டேன், நாள் முழுக்க 220 வெள்ளி. ஓட்டுநர் தமிழர், அறுபதை ஒட்டிய வயது. நான் அவரை அண்ணே என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். வண்டியில் ஏறியதும் முதல் கேள்வி பசியாறியாச்சா, இரண்டாவது இந்தியாவில் எந்த ஊர். கும்பகோணம் என்றதும் பாட்டியின் அப்பா அந்தப் பக்கம்தான் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார், ஊர் பெயர் தெரியாது. காலை ரொட்டி சானாய் இரண்டும் தே தாரிக்கும் 5.60. காசு கொடுக்க விடவில்லை.

சாலையின் இரண்டு பக்கமும் குளம் குளமாக வந்துகொண்டே இருந்தன. அழகாக இருக்கிறதே என்றேன். எல்லாம் ஈயக்குட்டை, மண்ணைத் தோண்டி அலசிவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளம் என்றார். சின்ன வயதில் கூடப் படித்த பையன் ஒருவன் இதில் குளிக்கப் போய்ச் செத்திருக்கிறான். இப்போது சில குட்டைகளில் மீன் வளர்க்கிறார்கள், ஒன்றில் வாத்து.

முதலில் கெல்லி மாளிகை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ரப்பரில் பணம் பார்த்துவிட்டு 1915இல் கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோனதால் பாதியில் நின்ற வீடு. வேலையாட்கள், கொத்தனார்கள், செங்கல் எல்லாம் மதராஸிலிருந்து. 1918இல் உலகம் பூராவும் சுற்றிய விஷக்காய்ச்சல் இந்தத் தொழிலாளர்களையும் அள்ளிக்கொண்டு போக, கோயில் கட்டினால்தான் வேலை என்றார்களாம், அவரும் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்திருக்கிறார். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு நடுவே வெள்ளை உடுப்பில் ஒரு துரை நிற்கிறார், அவரேதான். மாளிகைக்கு வெளிநாட்டவர் கட்டணம் தனி, கூட்டம் தனி, மொட்டை மாடியில் வெயில் மண்டையைப் பிளந்தது. கோயிலில் என்னையும் பூசாரியையும் தவிர யாருமில்லை, சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார், ஏலக்காய் தூக்கல்.

அங்கிருந்து ஈயக்கப்பல். எனக்கு இதுதான் இந்தப் பயணத்தின் பெரிய ஆச்சரியம். 1938இல் கட்டியது, 4,500 டன், மூன்று மாடி உயரம், தானே தோண்டிய குளத்தில் தானே மிதந்துகொண்டு முன்னால் வாளிச் சங்கிலியால் மண்ணைக் கடித்து, வயிற்றுக்குள் அலசி, கழிவைப் பின்னால் துப்பிக்கொண்டே நகரும் இரும்புப் பூதம். 1982 வரை ஓடியிருக்கிறது. உள்ளே போனால் எண்ணெய் நாற்றம் இன்னும் போகவில்லை. மண்வெட்டியும் கூடையும் இருந்த காலத்தில் சீன முதலாளிகள்தான் இங்கே ராஜா, அவர்களிடம் ஆள் இருந்தது. இந்த மாதிரிக் கப்பல் 1913 வாக்கில் கிந்தாவுக்கு வந்தபோது ஆள் முக்கியமில்லாமல் போய், முதல் போடுகிறவன் முக்கியமானான். முதல் லண்டனில் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுரங்க நிலமும் லண்டன்காரர்கள் கைக்குப் போனது.

எங்கள் தாத்தா பாத்திரக்கடை வைத்திருந்தார். தெருவில் ஈயம் பூசுகிறவர் வந்தால் பித்தளைப் பாத்திரமெல்லாம் வாசலுக்கு வந்துவிடும், ரசத்துக்கு ஈயச்சொம்பு தனி. கிலோ விலை ஏறிவிட்டது என்று தாத்தா வருடத்துக்கு நாலு தடவை புலம்புவார், எவன் ஏற்றுகிறான் என்றும் திட்டுவார். இன்று அந்த எவனைக் கொஞ்சம் பார்த்த மாதிரி இருந்தது.

விலையைப் பெரிதும் ஆட்டிவைத்த இடம் லண்டன் உலோகச் சந்தை. சுதந்திரத்துக்குப் பிறகும், உலகத்திலேயே அதிகம் ஈயம் எடுக்கும் நாடாக மலேசியா இருந்தபோதும், அங்கேதான். அமெரிக்கா போருக்காகச் சேர்த்து வைத்த கையிருப்பை அவ்வப்போது அவிழ்த்துவிட்டாலே போதும், இங்கே சுரங்கம் படுத்துவிடும். 1981இல் மலேசியா ரகசியமாக லண்டனில் ஈயத்தை வாங்கிக் குவித்து விலையை ஏற்றப் பார்த்தது. சந்தைக்காரர்கள் ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றினார்கள், இவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அரசே அதில் இருந்ததைப் பிரதமர் மகாதீர் 1986இல்தான் ஒப்புக்கொண்டார். அதற்குள் 1985 அக்டோபர் 24 அன்று, விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த சர்வதேச ஈய மன்றத்திடம் காசு தீர்ந்து, லண்டனில் ஈய வியாபாரமே நின்றது. மறுபடி திறந்தபோது 1989. இடையில் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது, கிந்தாவில் சுரங்கங்கள் வரிசையாக மூடின.

அண்ணனின் மாமா ஒருவர் கம்பார் பக்கம் சுரங்கத்தில் பம்பு ஓட்டியவர். “வெள்ளிக்கிழம வேலைக்குப் போனாரு, திங்கக்கெழம போனா கேட்டுல பூட்டு. சம்பள பாக்கி அப்பறம் வந்துச்சோ என்னமோ, அவரு சிங்கப்பூருக்குப் போய்ட்டாரு” என்றார்.

திரும்பும்போது புக்கிட் மேரா வழியாக வந்தோம். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, வீடுகள், ஒர்க்ஷாப், சாப்பாட்டுக் கடை. ஆனால் ஈயம் அலசிய கழிவு மணலில் மோனசைட் என்று ஒரு கனிமம் மிஞ்சும், அதிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரிக்க 1982இல் ஜப்பானிய மிட்சுபிஷி கெமிக்கல் பங்கோடு ஒரு ஆலை இங்கே வந்தது. கலர் டிவி திரைக்கு யிட்ரியம் வேண்டியிருந்த காலம். மோனசைட்டில் தோரியமும் இருக்கும், அது கதிரியக்கம். கழிவைக் கொட்டிய விதம், குழந்தைகளுக்கு வந்த ரத்தப் புற்றுநோய், ஊர்க்காரர்களின் வழக்கு, 1992இல் ஆலையை நிறுத்தச் சொன்ன ஈப்போ நீதிமன்றத் தீர்ப்பு, அதை ரத்து செய்த மேல் நீதிமன்றம், கடைசியில் 1994இல் மூடல். அண்ணன் இந்த இடத்தில் மட்டும் வண்டியை நிறுத்தவில்லை, கேட்டதற்குப் பதிலும் ஒற்றைச் சொல்லில்தான்.

நவம்பர் 13, வியாழன் – சுங்கை சிப்புட், கோலகங்சார்

நேற்றைய அண்ணனே வந்தார். சுங்கை சிப்புட் அவர் பிறந்த ரப்பர் தோட்டம் இருந்த பக்கம். இப்போது தோட்டமும் இல்லை, தொழிலாளர் குடியிருந்த லயமும் இல்லை, எங்கே பார்த்தாலும் செம்பனை, அதாவது பாமாயில் மரம். அம்மா ரப்பர் பால் வெட்டியவர். காலை இருட்டில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், உளியோடு மரத்துக்கு மரம் ஓடி, மழை வந்தால் அன்றைக்குப் பால் போச்சு, கூலியும் போச்சு. சாயங்காலம் ரேடியோவில் ரப்பர் விலை சொல்வார்களாம். “அப்பா சத்தம் போடாதீங்கன்னுவாரு. வெல இறங்குனா வீட்ல யாரும் பேச மாட்டோம்” என்றார்.

1948 ஜூன் 16 அன்று இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றதும்தான் மலாயா அவசரகாலம் என்ற பிரிட்டிஷ்-கம்யூனிஸ்ட் சண்டை பிறந்தது. பன்னிரண்டு வருடம் நீடித்தது. போரில் கடன்பட்டுக் கிடந்த பிரிட்டனுக்கு அப்போது டாலர் சம்பாதித்துக் கொடுத்த பெரிய கை மலாயாவின் ரப்பரும் ஈயமும். அதை விட்டுவிட்டு இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து. சுதந்திரம் வரும் நேரத்தில் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பின. வேலையோடு வீடும் போகும். இதே ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார். அண்ணனின் அப்பா பங்கு வாங்கியிருக்கிறார், அந்தச் சீட்டு இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறதாம்.

வாழை இலைச் சாப்பாடு 9 வெள்ளி, மீன் குழம்பு தனியாக 6. நம் ஊர் ருசிதான், காரம் மட்டும் வேறு ரகம். பரிமாறிய அக்கா நான் கேட்காமலேயே ரசத்தை டம்ளரில் வைத்து, வந்த ஊர்க்காரங்க குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க என்று நின்றார். நல்லா இருக்கு என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது.

கோலகங்சாரில் ஒரு அரசு அலுவலகம் பக்கத்தில் வேலி போட்டு ஒரு மரம். அவ்வளவு தூரம் வந்து பார்க்கிற அளவுக்கு ஒன்றுமில்லை, தடித்த பால்மரம், அதாவது ரப்பர் மரம், ஒரு பலகை. ஆனால் 1877இல் வந்த நாற்றுகளில் எஞ்சியது இது. பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து ஹென்றி விக்கம் 1876இல் சுமார் 70,000 விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைத்தது மூவாயிரத்துக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி இலங்கைக்கு, அடுத்த வருடம் 22 நாற்று சிங்கப்பூருக்கு, அங்கிருந்து சில இங்கே ரெசிடெண்ட், அதாவது பிரிட்டிஷ் ஆலோசகராக இருந்த ஹியூ லோவின் தோட்டத்துக்கு. காட்டு மரத்தைத் தேடித் தேடிப் பால் எடுத்து ஓபரா மாளிகை கட்டும் அளவுக்குப் பணம் பார்த்த மனாவ்ஸ் நகரம், முதல் உலகப் போருக்கு முன்பே சரிந்துவிட்டது. இங்கே மரத்தை வரிசையாக நட்டார்கள், வெட்ட ஆள் வேண்டும், கங்காணிகள் திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கம் கிளம்பினார்கள்.

அப்புறம் அமெரிக்கர்கள் பாடு. உலக ரப்பரில் பெரும்பகுதியை வாங்கியது அவர்கள், காருக்கு டயர் வேண்டுமே. விலை விழுந்ததும் பிரிட்டன் 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் என்று மலாயா, இலங்கை ஏற்றுமதிக்கு அளவு வைத்தது. 1925இல் விலை ஒரு பவுண்டு எடைக்கு ஒரு டாலரைத் தாண்டியது. அன்று அமெரிக்க வணிகத்துறை அமைச்சராக இருந்த ஹூவர் கொதித்தார். ஃபயர்ஸ்டோன் லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கர் குத்தகை பிடித்தது, ஃபோர்டு பிரேசில் காட்டுக்குள் ஒரு ஊரையே கட்டி நோயிலும் பூச்சியிலும் தோற்றார். திட்டத்தைக் கவிழ்த்தது இந்தப் பெரிய மனிதர்கள் இல்லை, சுமத்ராவிலும் போர்னியோவிலும் வீட்டுக் கொல்லையில் பால்மரம் நட்ட சின்ன விவசாயிகள். டச்சுக்காரர்கள் திட்டத்தில் சேரவில்லை, இவர்கள் வெட்டித் தள்ளினார்கள், 1928இல் பிரிட்டன் கைவிட்டது. 1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்கா செயற்கை ரப்பரில் இறங்கியது வேறு கதை, அதற்குப் பிறகு யாராலும் இந்த மரத்தை வைத்துப் பழைய மாதிரி மிரட்ட முடியவில்லை.

ஆற்றங்கரையில் லக்சா 6 வெள்ளி, செண்டோல் 4. கறுப்பு மண் ஜாடி ஒன்று 18 வெள்ளிக்கு வாங்கினேன், பஸ்ஸில் ஏறுவதற்குள் மூக்கு உடைந்துவிட்டது.

நவம்பர் 14, வெள்ளி – தைப்பிங்

மழை. தீபகற்ப மலேசியாவிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர் இதுதான் என்பதை இரவு வந்திறங்கிய பத்து நிமிடத்தில் நிரூபித்துவிட்டது. குடை 12 வெள்ளி, காற்றில் மடங்கிப் போனது, இன்னொரு குடை 12 வெள்ளி. விற்ற பாட்டி இரண்டாவது தடவை என்னைப் பார்த்துச் சிரித்ததோடு சரி, தள்ளுபடி கிடையாது. தங்கும் விடுதியில் ஜன்னல் வழியே தண்ணீர் கசிந்து கட்டில் கால் நனைந்தது. அறை மாற்றித் தரக் கேட்டதற்கு மாப் கொடுத்தார்கள்.

மதியம் கொஞ்சம் விட்டதும் ஏரித் தோட்டத்துக்குப் போனேன். சாலைக்கு மேலே வளைந்து தண்ணீரைத் தொடும் தூங்குமூஞ்சி மரங்கள், கல்யாணப் போட்டோ எடுக்கும் ஜோடிகள். இதுவும் பழைய ஈயச் சுரங்கம்தான், 1880இலேயே பூங்காவாக்கிவிட்டார்கள். ஈப்போ பக்கத்துக் குட்டைகளுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

இந்த லாரூட் பகுதி ஈயத்துக்காக கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீனச் சங்கங்கள் 1861 முதல் நான்கு தடவை மோதின. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மலாய்ப் பிரபு, எல்லோருக்கும் பின்னால் பினாங்கு வியாபாரிகளின் கடன் பணம். வரத்து நின்றதும் வியாபாரிகள் கூப்பாடு போட, ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் 1874 ஜனவரி 20 அன்று பங்கோரில் கப்பலில் வைத்து ஒப்பந்தம் போட்டார்: பேராக் சுல்தான் யார் என்று பிரிட்டன் சொல்லும், அவருக்கு ஆலோசகராக ஒரு ரெசிடெண்ட் இருப்பார், மதமும் மலாய் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் பேச்சைக் கேட்க வேண்டும். வரி வசூல் உட்பட. முதல் ரெசிடெண்ட் பர்ச்சை அடுத்த வருடமே ஆற்றங்கரையில் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்கப் பட்டாளம் வந்தது, பிறகு போகவே இல்லை. மலாய் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவர்கள் கைக்குப் போனதன் தொடக்கம் இந்த ஊர்ச் சேறு.

இரவு பழைய கடைத்தெருவில் குவே தியாவ் 7.50. மேசையைப் பகிர்ந்துகொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், யாழ்ப்பாணத்து வம்சம், தாத்தா ரயில்வேயில் இருந்தவர், செய்தித்தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் டிரம்பும் மலேசியப் பிரதமர் அன்வாரும் போட்ட ஒப்பந்தம் பற்றிய கட்டுரை. அமெரிக்காவுக்குப் போகும் அரிய மண் கனிமங்களுக்குத் தடையோ அளவோ வைப்பதில்லை என்று மலேசியா ஒப்புக்கொண்டிருக்கிறது. பதப்படுத்தாத மண்ணை வெளியே விடுவதில்லை என்ற பழைய முடிவும் அப்படியே இருக்கிறதாம். ஏப்ரலில் சீனா ஏழு தனிமங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று ஒரு திருகு திருகியதில் உலகத்துக் கார் ஆலைகள் திணறியதை அவர் எனக்கு விளக்கினார். மண் பல நாட்டில் இருக்கிறது, பிரித்தெடுக்கும் வேலையில் சுமார் 90 சதவீதம் சீனாவில். 1903 வரியைப் பற்றி நான் சொன்னேன். பென்சிலை எடுத்துச் செய்தித்தாள் ஓரத்தில் வருடத்தைக் குறித்துக்கொண்டார். பில்லில் பாதியை நான் கொடுக்கிறேன் என்றதற்குக் கோபித்துக்கொண்டார்.

நவம்பர் 15, சனி – கோலா செபெத்தாங்

தைப்பிங்கிலிருந்து டாக்சி, போக 25 வெள்ளி. இதன் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1 அன்று இந்த 13 கிலோமீட்டரில்தான் ஓடியது, முக்கியமாக ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு சேர்க்க. தண்டவாளம் போட ஆட்கள் இலங்கையிலிருந்து வந்தார்கள். ஸ்டேஷன் போயே போய்விட்டது, நாலு மொழிப் பெயர்ப்பலகை மட்டும் ஒரு சாப்பாட்டுக் கடை ஓரமாக நிற்கிறது, அதில் தமிழும் உண்டு. பலகைக்கு முன்னால் யாரோ மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருந்ததால் படம் சரியாக வரவில்லை.

ஊரில் இப்போது வியாபாரம் கரியும் இறாலும். அலையாத்திக் காட்டு மரத்தை முப்பது வருடச் சுற்றில் வெட்டி, குடிசை உயரச் செங்கல் சூளைகளில் வாரக்கணக்கில் புகைய விட்டுக் கரியாக்குகிறார்கள். பெரும்பகுதி ஜப்பானுக்குப் போகிறது. சூளைக்காரர் புகையை மோந்து பார்த்தே பதம் சொல்லிவிடுவார். இங்கே கிலோ என்ன விலை, ஜப்பானில் என்ன விலை என்று கேட்டேன். இங்கத்து விலையைச் சொன்னார். அங்கத்து விலை முதலாளிக்கே தெரியாது, வாங்குகிறவன் சொல்வதுதான் என்றார்.

இறால் மீ 15 வெள்ளி, இறால் கை நீளம். சாப்பிட்டு முடித்தபோது மறுபடி மழை, திரும்பிப் போக டாக்சி எதுவும் வர மறுத்தது, ஆப்பில் அரை மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் கரி மூட்டை ஏற்றிய வேன்காரர் முன்சீட்டில் இடம் கொடுத்தார். பட்டர்வொர்த் பஸ் மாலை 5.15க்கு. சட்டை முதுகு முழுக்கக் கரி, பினாங்கில் சலவைக் கடை கிலோ எவ்வளவு என்று யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.